டப்ளின் ஆலையும் சராசரியின் எல்லையும்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், லிஃபி நதியின் தென்கரைக்குச் சமீபமான செயின்ட் ஜேம்ஸ் கேட் என்னும் பகுதியில், உபயோகமற்றுக் கிடந்த ஒரு சிறிய மதுவாலையை, ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில், 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அவருடைய சந்ததியாரின் காலத்தில் அது படிப்படியாக விருத்தியடைந்து, 1886-இல் கம்பெனியின் பங்குகள் லண்டன் சந்தையில் விற்பனைக்கு வந்த சமயத்தில், உலகத்திலேயே மிகப் பெரிய மதுவாலை என்று பெயர் பெற்றிருந்தது. மதுவிலக்கைத் தர்மமாகக் கருதும் நம்மவர்களுக்கு இந்த வரலாற்றில் என்ன சிரத்தை இருக்க முடியும் என்று தோன்றலாம். ஆனால் இன்று வேளாண்மைப் பண்ணைகளிலும் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களிலும் கல்லூரி வகுப்புகளிலும் அன்றாடம் கையாளப்படும் ஒரு கணித முறை, பல்கலைக்கழகப் பண்டிதர்கள் தேவையென்றே உணராதிருந்த காலத்தில், அந்த ஆலையின் நிர்ப்பந்தத்தினால் பிறந்தது. அது பிறந்த விதம் சொல்லத் தக்கது.

அந்த ஆலையில் தயாரான, ஸ்டவுட் என்று பெயர் பெற்ற கறுத்த பானத்துக்கு வேண்டியவை பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்காய், ஈஸ்ட், நீர் ஆகிய நான்கே. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட் ஆகிறது. மால்ட்டின் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கச் செய்கிறது. ஹாப்ஸ் கசப்பைக் கொடுப்பதோடு, கடல் கடந்து செல்லும் பானம் கெட்டுப் போகாமலும் காக்கிறது. இவற்றில் நீர் ஒழிந்த மற்ற எதுவும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. ஒரு பண்ணையின் பார்லி அடுத்த பண்ணையின் பார்லியைப் போல் இராது. சென்ற வருஷத்து மழை இவ்வருஷத்து மணியில் தெரியும். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பிடி ஹாப்ஸ் எடுத்துப் பரிசோதித்தால், அவற்றிலுள்ள பிசினின் அளவு இரண்டு விதமாக வரும். ஆயினும் குடிப்பவன் கையிலுள்ள கிண்ணம் என்றும் ஒரே சுவையாய் இருக்க வேண்டும் என்பதே வியாபாரத்தின் ஜீவநாடி. பழைய காலத்தில் இந்தப் பொறுப்பு, அனுபவம் முதிர்ந்த மனிதர்களின் மூக்கையும் விரலையும் நம்பியிருந்தது: ஹாப்ஸை உள்ளங்கையில் கசக்கி முகர்வார்கள், பார்லி மணியைப் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். ஆலை மிகப் பெரிதாகி, கொள்முதல் மலைபோல் குவிந்தபோது, அந்த ஞானம் எவ்வளவு உயர்ந்ததாயினும், எல்லா மூட்டைகளையும் எட்டிப் பிடிக்க வல்லதாய் இல்லை.

ஆகவே நிர்வாகிகள் 1893 முதல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் பயின்ற இளைஞர்களை வேலைக்கு அமர்த்தத் தொடங்கினார்கள். அவ்வாறு 1899-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வந்து சேர்ந்தவர்தாம் வில்லியம் ஸீலி காஸெட். கான்டர்பரியில் 1876-இல் பிறந்த இவர் ஆக்ஸ்ஃபோர்டில் ரசாயனத்தில் முதல் வகுப்பில் தேறியவர். கணிதமும் ஓரளவு கற்றிருந்தபடியால், எண்களைக் கண்டு மருளாதவர் என்று சக ஊழியர்கள் அவரிடம் தங்கள் பரிசோதனைக் கணக்குகளைக் கொண்டுவரலானார்கள்.

அவர்கள் கொண்டுவந்த சந்தேகம் எப்போதும் ஒன்றுதான். இந்த ஹாப்ஸில் சில தடவையும் அந்த ஹாப்ஸில் சில தடவையும் சோதித்தோம். சராசரிகள் சற்று வேறுபடுகின்றன. இந்த வித்தியாசம் பொருளில் உள்ளதா, அல்லது நாம் எடுத்த பிடியில் நேர்ந்த தற்செயலா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தக்க சாஸ்திரம் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. ஒரு நக்ஷத்திரத்தின் நிலையைப் பலமுறை அளக்கும் வான சாஸ்திரிகளுக்கு அளவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் போவது பழைய அனுபவம்; அந்தப் பிழைகள் நடுவில் திரண்டும் இருபுறமும் சமமாகச் சரிந்தும் மணியின் வடிவில் பரவுகின்றன என்பதை டிமாய்வர், லாப்லாஸ், காஸ் ஆகியோரின் கணிதம் விளக்கியிருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்பவர் அதே வளைகோட்டை மனிதர்மேல் பொருத்தி, ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் 5,738 பேருடைய மார்புச் சுற்றளவும் நக்ஷத்திர அளவுகளைப் போலவே பரவியிருப்பதைக் காட்டினார். ஆயினும் கெட்லேயின் சித்தாந்தத்தில் சராசரி மனிதனே இயற்கையின் இலட்சியம்; மற்றவர்கள் அந்த இலட்சியத்திலிருந்து வழுவிய பிழைகள். இது எவ்வளவு கவர்ச்சியான கொள்கையோ அவ்வளவு தவறானதும் ஆகும். பிற்பாடு இங்கிலாந்தில் கால்டனும், அவரைப் பின்பற்றிய கார்ல் பியர்சனும், வேறுபாடு என்பது பிழையன்று, அதுவே ஆராயப்பட வேண்டிய பொருள் என்று நிலைநாட்டினார்கள். ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை வர்க்கமாக்கி, அந்த வர்க்கங்களின் சராசரிக்கு மூலம் கண்டு, அந்த எண்ணைப் பரவலின் அகலத்துக்கு அளவுகோலாகக் கொள்ளலாம். அதற்குத் திட்ட விலக்கம் என்று பெயரிட்டு வழக்கில் கொண்டுவந்தவர் பியர்சனே.

காஸெட் இவற்றையெல்லாம் புத்தகங்களிலிருந்து தாமே கற்றுக்கொண்டு, 1904-ஆம் ஆண்டு நவம்பரில், பிழை விதியை ஆலையின் பணிக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதைப் பற்றி நிர்வாகிகளுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மால்ட்டின் சாறு. சாற்றின் வலிமையை அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறிது மாறி வரும். உண்மையான அளவுக்கு அரை பாகைக்குள் நம் சராசரி அமைய வேண்டுமானால் எத்தனை முறை அளப்பது? இரண்டு அளவுகளின் சராசரியானால், அந்த எல்லைக்குள் அமைவதற்கு 4-க்கு 1 என்ற விகிதத்தில் சாதகம் உண்டு. மூன்றானால் 7-க்கு 1. நான்கானால் 12-க்கு 1. ஐந்தானால் 19-க்கு 1. பத்துக்கு ஒன்று என்ற சாதகம் ஆலைக்குப் போதுமென்றால் நான்கு முறை அளந்தால் போதும். அதற்கு மேல் அளப்பது வீண் செலவு, அதற்குக் குறைவாக அளப்பது அபாயம். எனக்கு இந்த அறிக்கையில் மிகவும் மதிப்பாகப் படுவது இதுதான்: பூரண நிச்சயம் என்பதை அவர் தேடவேயில்லை. தவறினால் ஆலைக்கு எவ்வளவு நஷ்டம், அளப்பதற்கு எவ்வளவு செலவு என்ற இரண்டையும் ஒரே தராசில் வைத்தார். அறிக்கையின் முடிவில், இதற்கு மேல் தம் கணிதம் போதாதென்றும், நிபுணர் ஒருவரைக் கலந்தாலோசிக்க வேண்டுமென்றும் யோசனை கூறினார்.

நிர்வாகிகள் அதை ஏற்றார்கள். 1905-ஆம் ஆண்டு ஜூலையில், பியர்சன் கோடையைக் கழித்துக்கொண்டிருந்த கிராமத்துக்குக் காஸெட் சைக்கிளிலேயே சென்று அவரைச் சந்தித்தார். அப்போது வழக்கிலிருந்த முறைகளில் அநேகமாக எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் அவர் விளக்கிவிட்டதாகக் காஸெட் பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு. அடுத்த ஆண்டு ஆலையே சம்பளம் கொடுத்து அவரை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்த பியர்சனுடைய ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பிற்று.

அங்கிருந்த காலத்தில் 1907-இல் வெளிவந்த அவருடைய முதல் கட்டுரை ஈஸ்ட்டைப் பற்றியது. புளிக்க வைப்பதற்குச் சேர்க்கும் ஈஸ்ட் குறைந்தால் சர்க்கரை முழுவதும் மாறாது. மிகுந்தால் சுவை கெடும். ஆதலால் திரவத்தில் எத்தனை ஈஸ்ட் உயிர்க்கூறுகள் இருக்கின்றன என்று எண்ணித் தீர வேண்டும். அதற்கு இரத்த அணுக்களை எண்ண வைத்தியர்கள் உபயோகிக்கும் கண்ணாடித் தகட்டையே எடுத்துக்கொண்டார்கள்: ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு 400 சின்னஞ்சிறு கட்டங்களாக அதில் கோடிடப்பட்டிருக்கும், அதன்மேல் ஒரு துளியைப் பரப்பி, நுண்ணோக்கியின் வழியே கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். நன்றாகக் கலக்கிய துளிதானே, கட்டத்துக்குக் கட்டம் ஒரே எண்ணிக்கையாக இராதா என்று நாம் எதிர்பார்ப்போம். இருக்கவில்லை. மிகவும் நீர்த்த ஒரு கரைசலில் 213 கட்டங்கள் வெறுமையாய் இருந்தன, 128 கட்டங்களில் ஒவ்வொன்று, 37-இல் இரண்டிரண்டு, 18-இல் மும்மூன்று, மூன்று கட்டங்களில் நந்நான்கு, ஒரே ஒரு கட்டத்தில் ஐந்து. மொத்தம் 273, கட்டத்துக்குச் சராசரி 0.68. ஆனால் எந்தக் கட்டத்திலும் 0.68 உயிர்க்கூறு இருக்க முடியாது. பாதிக்கு மேற்பட்ட கட்டங்களில் எதுவுமே இல்லை. சராசரி என்ற ஓர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவனுக்கு இந்தத் துளியின் உண்மையான தோற்றம் தெரியவே தெரியாது.

இந்தப் பரவல் மணியின் வடிவில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூஜ்யத்தில் உச்சமாகத் தொடங்கி, வலப்புறமாக ஒரு வாலைப் போல் மெலிந்து இறங்குகிறது. அதே தகட்டில் அடர்த்தி மிகுந்த வேறொரு கரைசலை அவர் எண்ணியபோது, சராசரி 4.68 ஆயிற்று; வெறுமையான கட்டம் ஒன்றுகூட இல்லை; நான்கு உயிர்க்கூறுகள் உள்ள கட்டங்களே மிகுதியாக 86 இருந்தன; அதன் இருபுறமும் எண்ணிக்கை சரிந்து, வலக் கோடியில் பன்னிரண்டு கொண்ட கட்டங்களும் இரண்டு காணப்பட்டன. இங்கே மணியின் சாயல் வந்துவிட்டது. இரண்டு விதத் தோற்றத்துக்கும் அடிப்படை ஒரே விதி. பிரெஞ்சுக் கணித மேதை புவாஸோன் 1837-இலேயே அதைக் கண்டிருந்தார். காஸெட் அதைத் தம் வழியில் தாமே வருவித்துக்கொண்டார். அதிலிருந்து ஆலைக்குக் கிடைத்த பலன் மிக எளிய ஒரு நியதி: எண்ணிக்கையின் திட்ட விலக்கம், எண்ணப்பட்ட மொத்தத்தின் வர்க்கமூலமே. நூறு உயிர்க்கூறுகளை எண்ணியவன் ஏறத்தாழப் பத்து முன்பின்னாகத் தவறலாம். அது நூற்றுக்குப் பத்து. நானூறு எண்ணியவன் இருபது தவறலாம். அது நூற்றுக்கு ஐந்துதான். நான்கு மடங்கு உழைத்தால் நிச்சயம் இரண்டு மடங்கே வளரும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒவ்வொருவனும் தானே தீர்மானிக்கலாம்.

ஈஸ்ட்டை நானூறு கட்டங்களில் எண்ணலாம். ஆனால் ஒரு பார்லி ரகத்தை வயலில் விதைத்து அறுத்துச் சோதிப்பதற்கு ஒரு வருஷம் ஆகும். நான்கு பண்ணைகளில் செய்தால் நான்கு விடைகள், அவ்வளவுதான். பியர்சனுடைய முறைகளோ ஆயிரக்கணக்கான அளவுகளுக்கென்று அமைந்தவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களை வாக்கு. ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது முற்றிலும் பொருந்தும். அரிசிக்கு அரிசி வேறுபடுமாயின் ஒரு சோறு போதாது. எத்தனை சோறு வேண்டும் என்பது அந்த வேறுபாட்டின் அகலத்தைப் பொறுத்தது. அந்த அகலத்தையும் அதே இரண்டு மூன்று சோற்றிலிருந்துதானே அறிய வேண்டும்? இடர்ப்பாடு இங்கேதான். நான்கு அளவுகளிலிருந்து கணித்த திட்ட விலக்கமும் நிலையற்றது: தற்செயலாக நான்கும் நெருங்கி விழுந்துவிட்டால் அது மிகச் சிறியதாகத் தோன்றி, நம் சராசரி மிகவும் உறுதியானது என்ற பொய்யான நம்பிக்கையை ஊட்டிவிடும்.

இதைச் சீர்தூக்கிப் பார்க்க அவர் மேற்கொண்ட சோதனை அபாரமான பொறுமையைக் காட்டுவது. இங்கிலாந்துச் சிறைகளிலிருந்த குற்றவாளிகள் 3,000 பேருடைய உயரமும் இடக்கையின் நடுவிரல் நீளமும் கொண்ட ஓர் அட்டவணை முன்பே அச்சாகியிருந்தது. அந்த 3,000 பேருடைய அளவுகளையும் 3,000 அட்டைத் துண்டுகளில் எழுதி, அவற்றை நன்றாகக் குலைத்துக் கலந்து, ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஏட்டில் பதிந்தார். அந்த வரிசையை நந்நான்காகப் பிரித்தால் 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொரு நான்குக்கும் சராசரி, திட்ட விலக்கம், மெய்யான சராசரியிலிருந்து அந்த நான்கின் சராசரி விலகிய தூரத்துக்கும் அந்தத் திட்ட விலக்கத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றைக் கணக்கிட்டார். மின்னணுக் கணக்கு இயந்திரங்கள் இல்லாத காலம் அது. இவ்வளவையும் செய்து, அந்த விகிதம் எவ்வாறு பரவும் என்று தாம் காகிதத்தில் வருவித்திருந்த வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் திருப்திகரமாக ஒத்திருந்தன.

அந்த வளைகோடும் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிவதுதான். ஆனால் அதன் ஓரங்கள் சாதாரண மணிவளைவின் ஓரங்களைவிடத் தடித்தவை. வெகுதூர விலகல்கள் நாம் நினைப்பதைவிட அடிக்கடி நேரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் வேண்டுமானால், ஏராளமான அளவுகள் உள்ள இடத்தில், சராசரியின் திட்டப் பிழையை, அதாவது திட்ட விலக்கத்தை அளவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணை, போல் 1.96 மடங்கு இருபுறமும் இடம் விட்டால் போதும். பத்தே அளவுகள் என்றால் 2.26 மடங்கு விட வேண்டும். நான்கே என்றால் 3.18 மடங்கு. மாதிரி முப்பதை எட்டும்போது இது 2.05 என்று இறங்கி, பழைய கணக்கோடு அநேகமாக இணைந்துவிடுகிறது. சிறு மாதிரிகளை வைத்து முடிவு கூறக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. கூறலாம், ஆனால் அறியாமைக்கு உரிய இடத்தை அளந்து விட்டுக் கூறுங்கள் என்றே சொன்னார்.

1908-இல் பியர்சனுடைய பத்திரிகையாகிய பயோமெட்ரிகாவில் இக்கட்டுரை வெளிவந்தபோது, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டூடன்ட், அதாவது மாணவன், என்று மட்டுமே காணப்பட்டது. ஆலையின் இரகசியங்கள் போட்டியாளர்களுக்கு எட்டிவிடக் கூடாதென்று ஊழியர்கள் தம் பெயரில் எழுதுவதை நிர்வாகம் அனுமதிக்கவில்லை.  கட்டுரையின் உதாரணங்களில் ஒன்றாகக் காஸெட், பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளை மாறி மாறிக் கொடுத்துப் பெற்ற கணக்கு ஒன்றை எடுத்தாண்டார். இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிடக் கூடுதலாக அளித்த தூக்கம் சராசரியில் 1.58 மணி நேரம். ஒருவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, இன்னொருவருக்கு 4.6 மணி. ஒரே ஆளையே இரண்டு மருந்துக்கும் உட்படுத்தி, அந்தந்த ஆளுக்குள் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால், இயல்பாகவே நன்றாகத் தூங்குபவர், தூங்காதவர் என்ற பேதம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. வயலிலும் அவர் இந்த உபாயத்தையே வற்புறுத்தினார்: மண்ணின் வளம் ஒரே வயலில்கூடத் திட்டுத் திட்டாக மாறுவதால், ஒப்பிட வேண்டிய இரண்டு பார்லி ரகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, அடுத்தடுத்த பாத்திகளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டுரையைப் பண்டித உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. அவ்வளவு சிறிய மாதிரிகளை எடுப்பது மதுவாலைக்காரர்களின் குறும்பு என்று பியர்சனே 1912-இல் ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார். அதே ஆண்டில், கேம்பிரிட்ஜில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற வாலிபர், காஸெட் பாதி ஊகத்தால் அடைந்திருந்த முடிவுக்குப் பல பரிமாண க்ஷேத்திர கணிதத்தின் வழியாகப் பூரணமான நிரூபணம் எழுதி அனுப்பினார். பிறகு 1925-இல் ஃபிஷருடைய பிரசித்தமான நூல் வெளிவந்து, அந்த முறையை உலகமெங்கும் பரப்பிற்று. பிற்காலத்தில் வயல்களில் பாத்திகளைச் சீட்டுக் குலுக்கித்தான் ஒதுக்க வேண்டும் என்று ஃபிஷரும், ஒழுங்காகச் சமன்செய்து ஒதுக்குவதே அதிக நுட்பம் தரும் என்று காஸெட்டும் வாதித்தார்கள். 1935-இல் லண்டனருகே கின்னஸின் புதிய ஆலைக்குப் பொறுப்பேற்கச் சென்ற காஸெட் 1937-இல் காலமானார். அந்த விவாதம் குறித்த அவருடைய கடைசிக் கட்டுரை மறு ஆண்டில்தான் அச்சாயிற்று.

அவருடைய தீட்சண்யம் முழுவதையும் காட்டுவது என்று நான் கருதுவது, ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தில் அவர் 1931-இல் எழுதிய விமரிசனம். 1930-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷையரில், 67 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 20,000 குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. 10,000 பேருக்கு நாள்தோறும் முக்கால் பைன்ட் பால் கொடுத்தார்கள். மற்ற 10,000 பேருக்குக் கொடுக்கவில்லை. பிப்ரவரியிலும் ஜூனிலும் எல்லாரையும் நிறுத்தும் அளந்தும் பார்த்தார்கள். செலவு ஏறத்தாழ 7,500 பவுன். இவ்வளவு பெரிய தொகையில் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று யாரும் நம்புவார்கள். காஸெட் நம்பவில்லை. குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கியோ அகர வரிசைப்படியோ பிரித்த பிறகு, ஒரு பிரிவில் நன்கு வளர்ந்தவர்களோ மெலிந்தவர்களோ மிகுந்திருப்பதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. ஏழைக் குழந்தைக்குப் பால் கிடைக்கட்டும் என்ற கருணையினால் ஆசிரியர்கள் மெலிந்தவர்களைப் பால் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். விளைவாக, பால் பெறாத பிரிவு ஆரம்பத்திலேயே நிறையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தது. மேலும் குழந்தைகளை உடையோடு நிறுத்தார்கள். வசதியுள்ள குழந்தை பிப்ரவரியில் கனத்த கம்பளி அணிந்து, ஜூனில் அதைக் களைந்து வரும். ஏழைக் குழந்தைக்குக் களைவதற்கு அவ்வளவு கிடையாது. ஆகவே பாலினால் கூடிய நிறை எது, கம்பளியினால் குறைந்த நிறை எது என்று பிரிக்க வழியில்லாமற் போயிற்று. ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை, இருபதாயிரத்தை இரண்டு லட்சமாக்கினாலும் தேயாது.

அதற்குப் பதிலாக அவர் கூறிய யோசனைகளில் ஒன்று, ஒரே கருவில் உருவான இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடிப்பது. அவர்கள் பிறப்பிலும் வீட்டிலும் உணவிலும் உடையிலும் ஒத்தவர்கள்; ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்குப் பால் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்துவிட்டு, இருவருக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் அளந்தால் போதும். அப்படிப்பட்ட ஐம்பது ஜோடிகள், அந்த இருபதாயிரம் குழந்தைகளைக் காட்டிலும் நம்பத்தக்க விடையை, அச்செலவில் மிகச் சிறு பகுதியிலேயே தந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.